செகண்டரி கமாண்டர்

ஹானிபலை கி.மு. 202-இல் ஜாமா களத்தில் மண்ணைக் கவ்வவைத்த ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ தற்போது என்னிடம் வேலை பார்க்கிறார். ஊர் எல்லையில் திரியும் காட்டுமிராண்டிகளை விரட்டுவது அவர் பொறுப்பு. 1429-இல் ஆர்லியன்ஸ் முற்றுகையை உடைத்த ஜோன் ஆஃப் ஆர்க்கை வயல் வேலைக்கு அனுப்பியிருக்கிறேன். ரோமாபுரியில் ஏழு முறை கான்சல் பதவி வகித்த கேயஸ் மாரியஸ் விறகு கொண்டுவரப் போயிருக்கிறார். அந்த மனிதர் தன் சிப்பாய்களை அவரவர் மூட்டையை அவரவரே சுமக்க வைத்ததால் அவர்களுக்கு ‘மாரியஸின் கோவேறு கழுதைகள்’ என்றே பெயர் வந்தது. இரண்டாயிரம் வருஷம் கழித்து, என் ஆட்சியில், அவரே சுமக்கிறார்.

இவர்களெல்லாம் போ என்றால் போகிறார்கள், வா என்றால் வருகிறார்கள். அதே விரலை நீட்டி, ‘அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைப்பா’ என்று மகனிடம் சொன்னால், ‘நீங்களே எழுந்து குறைங்கப்பா, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரில்ல’ என்கிறான்.

என் போனில் ‘ரைஸ் ஆஃப் கிங்டம்ஸ்’ விளையாட்டை ஏற்றியவன் அவன்தான். ஷாங்காயைச் சேர்ந்த லிலித் கேம்ஸ் 2018-இல் வெளியிட்டது. வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் மூளைக்கு வேலை கொடுக்காமல் இருந்தால் மறதி வந்துவிடும் என்று எங்கேயோ படித்திருக்கிறான். ‘சும்மா கட்டடம் கட்டிட்டே இருந்தா போதும்பா’ என்று சொல்லித்தான் கொடுத்தான். படை, பகை, பக்கத்து ராஜ்ஜியம் இதெல்லாம் கிரகப்பிரவேசம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது.

ஆட்டத்துக்குள் நமக்குப் பெயர் ‘கவர்னர்’. உத்தியோகத்தில் கிளை மேலாளரைத் தாண்டாதவனுக்கு இது சும்மாவா? சந்தோஷத்தில் மனைவியிடம் சொன்னேன். அவள் மின்கட்டண அட்டையை என் கையில் திணித்து, ‘கவர்னர்னா நான் அனுப்பறதையெல்லாம் கையெழுத்துப் போடாம கிடப்புல போடலாம்னு நினைக்காதீங்க. நாளைக்குக் கடைசி நாள்’ என்றாள்.

ஆட்டத்தின் முதல் கேள்வியே பெரிய கேள்விதான்: எந்த நாகரிகம்? எதை எடுக்கிறோமோ அதோடு ஒரு தளபதி சீதனமாக வருவார். ரோம் என்றால் ஸ்கிப்பியோ. பிரிட்டன் என்றால் ரோமானியரை எதிர்த்துக் கிளம்பிய ராணி பூடிக்கா. ஜெர்மனி என்றால் கி.பி. 9-இல் டாய்ட்டோபர்க் காட்டுக்குள் மூன்று ரோமானிய லீஜியன்களை மடக்கி அழித்த ஹெர்மன். கொரியா என்றால் 612-இல் சூயி வம்சத்துப் பெரும்படையை சால்சு ஆற்றங்கரையில் சிதறடித்த யூல்ஜி முண்டொக். சீனா என்றால் சுன் ட்ஸு.

நான் எதையும் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்கிறவன் இல்லை. கடன் மனுக்களைப் பரிசீலித்த கை இது. ஒரு நோட்டில் கோடு கிழித்து, பெயர், போர், எதிரி, வெற்றி, எப்படி இறந்தார் என்று கட்டம் போட்டேன். கடைசிக் கட்டத்தை எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். ‘அவங்கெல்லாம் ஏற்கெனவே செத்துட்டாங்கப்பா. உங்ககிட்ட வந்து புதுசா என்ன ஆயிடப் போகுது?’

சுன் ட்ஸுவைத் தேர்ந்தேன். சண்டை போடாமலே எதிரியைப் பணியவைப்பதுதான் உத்தமம் என்று பதின்மூன்று அத்தியாயம் எழுதியவர். அந்தக் கொள்கையில் ‘சண்டை போடாமல்’ என்பது வரைக்கும் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வழுவாமல் கடைப்பிடித்து வருகிறேன். மீதிப் பாதிதான் கைகூடவில்லை. ஆனால் ஆட்டத்துக்குள் இறங்கிய சுன் ட்ஸு வேறு ஆள். விசிறியை விரித்தாற்போல ஒரே வீச்சில் ஐந்து படைகளைச் சாத்துகிறார். ஞானிகளைக் கட்சியில் சேர்த்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

மற்றவர்களை டேவர்னில் பிடிக்க வேண்டும். அது ஊர் நடுவில் இருக்கிற மதுக்கடை. உள்ளே வெள்ளிப் பெட்டி, தங்கப் பெட்டி. சாவி போட்டுத் திறந்தால் சில சமயம் தளபதியே வருவார், பல சமயம் தளபதியின் சிலை வரும், மற்றபடி எதற்கென்றே தெரியாத சாமான் ஏதாவது வரும். சாம்ராஜ்யங்களை ஆண்டவர்கள் சாராயக் கடைப் பெட்டிக்குள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. குறிப்பிட்ட இடைவெளியில் இலவசமாகத் திறக்கலாம் என்பதால் நான் நேரம் தவறுவதில்லை. ஒருநாள் போனில், ‘டேவர்ன்ல இப்ப ஃப்ரீ. ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன்’ என்று நான் சொன்னதை மாமியார் கேட்டுவிட்டார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. அன்றிரவு எல்லோருக்கும் பூரிக்கிழங்கு. எனக்கு மட்டும் மோர், அதுவும் எலுமிச்சம்பழம் பிழிந்து. மாமனார் சாப்பிட்ட கையோடு வாசல்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். குரலைத் தாழ்த்தி, ‘ஃப்ரீயாவா குடுக்கறான்? எந்தப் பக்கம் மாப்பிள்ளை?’ என்றார்.

போனைக் காட்டி விளக்கினேன். முகம் சுண்டிப் போயிற்று. இருந்தாலும் பெரிய மனிதர். ‘நம்ம ராஜேந்திர சோழன் இருக்கானா இதுல? 1025-லயே கப்பல் கட்டி ஸ்ரீவிஜயம் வரைக்கும் போய் அடிச்சவனாச்சே’ என்று கேட்டார். என் பெட்டியில் வரவில்லை என்றேன். ஆட்டத்தில் சந்திரகுப்த மௌரியர் இருக்கிறார். அவரும் என் பக்கம் இன்னும் தலைகாட்டவில்லை. ‘நல்லாத் தேடுங்க, அடியில கிடப்பான்’ என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

ஆள் கிடைத்தால் ஆயிற்றா, ஆளாக்க வேண்டாமா? அனுபவப் புத்தகங்களைக் கொடுத்து லெவல் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு நட்சத்திரம் ஏறும்போதும் பத்து லெவலுக்கு வழி திறக்கும். ஆறு நட்சத்திரம், அறுபது லெவல், அதற்கு மேல் வானம் இல்லை. இது எளிது. திறமைதான் கஷ்டம். ஒவ்வொருவருக்கும் நான்கு ஸ்கில், ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி. படி ஏற்றுவதற்கு அந்தத் தளபதியின் சிலைகளையே செலவழிக்க வேண்டும். தங்க வகுப்பைச் சேர்ந்த பெரிய தலை ஒருவரை வரவழைக்கப் பத்துச் சிலை போதும். நான்கு ஸ்கில்லையும் நிரப்ப 690 வேண்டும். வருவதற்குப் பத்து, வந்த பிறகு 690. இந்த விகிதம் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு நன்றாகப் புரியும்.

சிலையைக் கொடுத்தால் எந்த ஸ்கில் ஏறும் என்பது நம் கையில் இல்லை என்பதுதான் இதிலுள்ள வில்லங்கம். திறந்திருக்கும் ஸ்கில்களில் ஏதோ ஒன்று, அதன் இஷ்டத்துக்கு ஏறும். நட்சத்திரம் ஏற ஏற அடுத்தடுத்த ஸ்கில் திறக்கும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள், முதல் ஸ்கில் ஐந்தாம் படியைத் தொடும்வரை நட்சத்திரத்தில் கையே வைக்க மாட்டார்கள். திறந்திருப்பது ஒன்றே ஒன்று என்றால் சிலை வேறெங்கே போகும்? இந்தச் சித்தாந்தத்துக்கு ‘ஃபைவ் ஒன் ஒன் ஒன்’ என்று பெயர்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் அலையன்ஸின், அதாவது சேர்ந்து ஆடும் கூட்டணியின், தலைவர். அலையன்ஸில் ஆர்1 முதல் ஆர்5 வரை பதவி உண்டு. ஆர்5தான் தலைவர். அவர் பத்தாம் வகுப்பு படிக்கிறார். நான் ஆர்2. எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்து, பதிலுக்கு விளக்கக் கடிதம் வாங்கி ஃபைலில் கோத்தவன், ‘அங்கிள், ஸ்டார் ஏத்தாதீங்கன்னு சொன்னேன்ல? ஏன் அங்கிள் இப்படிப் பண்றீங்க?’ என்று ஒரு சிறுவனிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். விளக்கம் எழுதிக் கொடுக்கக்கூட வழியில்லை; அதற்குள் அவனுக்கு டியூஷன் நேரம் ஆகிவிடுகிறது.

இந்த ஃபைவ் ஒன் ஒன் ஒன்னின் அழகை மனைவிக்கு விளக்கிச் சொன்னேன். ஒன்றை முழுசாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும், எவ்வளவு ஆழமான தத்துவம் பார் என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்: பரண்மேல் கிடக்கும் கீபோர்டு, ‘முப்பது நாளில் ஹிந்தி’ புத்தகம், மொட்டைமாடியில் மண் மட்டும் இருக்கிற தொட்டிகள், தைப்பூசத்தன்று தொடங்கி மாசியில் நின்றுபோன யோகா. நான்கும் முதல் படியிலேயே நிற்கின்றன. ‘இதுக்கு என்ன பேருங்க? ஒன் ஒன் ஒன் ஒன்னா?’

அவள் அந்த ஆட்டத்தைத் தொட்டதில்லை. ஆனால் அதன் சட்டங்களில் மிகக் கூர்மையான ஒன்று எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது என்பது என் கட்சி. மூன்று நட்சத்திரம் ஏறிய தளபதி துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். முன்னால் நிற்பவர் பிரைமரி கமாண்டர், பின்னால் நிற்பவர் செகண்டரி. களத்தில் இருவர் ஸ்கில்லும் வேலை செய்யும். ஆனால் ஸ்கில் வேறு, டேலண்ட் வேறு. லெவல் ஏற ஏறக் கிடைக்கும் புள்ளிகளைக் கிளைவிட்ட மரப்படம் ஒன்றில் பார்த்துப் பார்த்துப் போட்டு டேலண்டை வளர்க்க வேண்டும். அப்படி வளர்த்த டேலண்ட், முன்னால் நிற்பவருக்கு மட்டும்தான் செல்லும். செகண்டரியின் மரம் காய்த்துக் குலுங்கினாலும் அந்தப் போரில் அதைச் சீந்த ஆள் கிடையாது.

உறவில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொய் 501-ஆ 1001-ஆ என்று முடிவுசெய்வது டேலண்ட். கவரின்மேல் பெயரெழுதுவது ஸ்கில். என் கையெழுத்து நன்றாக இருக்கும். எந்தப் பந்தியில் உட்காருவது, யாரைப் பார்த்துச் சிரிப்பது, யாரைப் பார்க்காததுபோல் தாண்டுவது, எப்போது கிளம்புவது, இவையெல்லாம் டேலண்ட். காரை வெயில் படாத இடத்தில் நிறுத்துவது, தாம்பூலப் பையைத் தூக்குவது, சித்தப்பாவின் மூட்டுவலிக் கதையை முழுசாகக் கேட்பது, இவை ஸ்கில். எனக்கும் மொய் பற்றியெல்லாம் அபிப்பிராயம் உண்டு, பல வருஷமாக வளர்த்தது. பின் வரிசையில் இருப்பதால் அது செல்லுபடியாவதில்லை, அவ்வளவுதான். சுன் ட்ஸுவையே செகண்டரியாகப் பின்னால் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஆர்5 சொன்ன அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

நான் சிலை சேர்த்துவந்தது சிங்க நெஞ்சன் ரிச்சர்டுக்கு. இங்கிலாந்து ராஜா, 1199-இல் பிரான்சில் ஒரு சின்னக் கோட்டையை முற்றுகையிட்டபோது குறுக்குவில் அம்பு பட்டு இறந்தவர். ஆட்டத்தில் அவரை லேசில் சாய்க்க முடியாது. அடி வாங்கிக்கொண்டே தன் படையின் காயத்தையும் ஆற்றிக்கொள்வார். அடி வாங்குகிற தளபதி என்றதும் ஏதோ ஒரு ஒட்டுதல். சக்கரம் சுற்றினேன், ரத்தினங்களைச் செலவழித்தேன், பொதுச் சிலைகளை மாற்றிக்கொண்டேன். ஒருவழியாக முதல் ஸ்கில் ஐந்தைத் தொட்டதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆர்5-க்கு அனுப்பினேன்.

‘சூப்பர் அங்கிள். ஆனா இப்ப ரிச்சர்டை யாரும் யூஸ் பண்றதில்ல.’

‘ஏன்ப்பா?’

‘புது கமாண்டர்ஸ் வந்துட்டாங்க. மெட்டா மாறிடுச்சு அங்கிள்.’

எண்ணூறு வருஷம் சரித்திரத்தில் நிமிர்ந்து நின்றவர், நான் கை வைத்ததும் காலாவதியாகிவிட்டார். நான் வாங்கிய பங்குகளின் ஜாதகமும் இதுதான் என்பதால் பெரிதாக வருத்தப்படவில்லை. அவரை மாரியஸுக்குத் துணையாக விறகுக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆர்5-இன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் ஒரு பெண் குரல்.

‘ஏம்ப்பா, நீதான் அந்த ஆர்2 திருச்சியா?’

‘ஆமாங்க, நான்...’

‘இவனுக்குத்தான் புத்தி இல்ல, உனக்கும் இல்லையா? பப்ளிக் எக்ஸாமை வச்சுக்கிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு ரிச்சர்டு என்ன ரிச்சர்டு? நீயெல்லாம் எந்த ஸ்கூல்? உங்க வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா? போனை அவங்ககிட்ட குடு!’

வயதைச் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். சொன்னால் இன்னும் அசிங்கம் என்று தோன்றியது. போனைப் பெரியவர்களிடம் கொடுத்தேன். அதாவது, மனைவியிடம்.

இரண்டு பிரைமரி கமாண்டர்கள் பேசிக்கொண்டார்கள். முதலில் பரீட்சை, பிறகு அந்தப் பையனின் சாப்பாடு, பிறகு என் ரத்த அழுத்தம், பிறகு எந்த ஊர், யார் வகையில் உறவு என்று போய், அந்த அம்மாளின் நாத்தனாரும் என் மனைவியும் ஒரே கல்லூரி என்பதில் வந்து நின்றது. தீர்ப்பு இது: பரீட்சை முடியும்வரை அவனுக்கும் எனக்கும் ஞாயிறு மட்டும். மற்ற நாட்களில் அவன் போன் அவன் அம்மாவிடம். என் போனில் அந்த ஆட்டத்தை யார் திறந்தாலும் மகள் பார்த்துச் சொல்வாள்.

ஊரைக் காவல் இல்லாமல் விட்டால் யாராவது வந்து ஜீரோ பண்ணிவிடுவார்கள். படையும் மிஞ்சாது, நெல்லும் மிஞ்சாது. அதற்கு ஷீல்டு போட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளுக்கு ஒன்று, மூன்று நாளுக்கு ஒன்று என்று இருக்கிறது. ஞாயிறு ராத்திரி மூன்று நாள் ஷீல்டு போட்டால் புதன் ராத்திரி வரை தாங்கும். புதனன்று இன்னொன்று போட்டால் சனி ராத்திரி வரை ஓடிவிடும். அந்தப் புதனுக்கு என்ன செய்வது என்று வாசல்படியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாமனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

‘புதன்கிழமை நான் போட்டுடறேன் மாப்பிள்ளை. பேத்தி என்னை ஒண்ணும் சொல்ல மாட்டா. அப்படியே அந்த டேவர்னையும் ஒரு எட்டு எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்.’