கௌரவ விசாரணை: மாதிரி மந்திரிகளின் அடைமொழி குறித்து ஓர் ஆராய்ச்சி

அரசாங்கம் என்பது யாது, அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது என்னும் பெரும் பிரச்சினைகளைப் பற்றிப் பண்டிதர்கள் வேண்டிய மட்டும் எழுதிக் குவித்துவிட்டார்கள். ஆனால் கையொப்பமிட ஒரு கடதாசியும், ஏறிச் செல்ல ஒரு வாகனமும், செலவழிக்க ஒரு சதமும் இல்லாத மந்திரி ஒருவரை எந்த அடைமொழியால் விளிப்பது என்னும் சூட்சுமமான விஷயத்தை அவர்கள் தொடாமலே போனதால், அந்தக் குறையை நிவர்த்தி செய்யும் பாரம், கண்டி மஹய்யாவ பொது மயானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வசிக்கும் அடியேன் தலையில் விழுந்திருக்கிறது.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட களம் மாணவர் பாராளுமன்றம். இலங்கைப் பாடசாலைகளில் பிள்ளைகள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்து, சபாநாயகரையும் பிரதமரையும் மந்திரிகளையும் அமர்த்தி, சத்தியப்பிரமாணமும் செய்துகொள்ளும் இந்த ஏற்பாட்டில், செங்கோல் ஏந்தி வரும் படைக்கலச் சேவிதர் வரைக்கும் ஒன்றுக்கும் குறைவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், எங்கள் அயலிலுள்ள பிள்ளைகள் சிலர், வகுப்பை இழந்தாலும் பதவியை இழக்க மனமின்றி, அந்தச் சபையை சூமில் கூட்டினார்கள். கட்டடம் போயிற்று, செங்கோல் போயிற்று, சேவிதருக்கு வேலையே இல்லாமற் போயிற்று. அடைமொழி மட்டும் சேதாரமின்றி வந்து சேர்ந்தது. மந்திரிகள் திரையில் தத்தம் பெயர்ப்பட்டியில் ‘கௌரவ சுகாதார அமைச்சர்’, ‘கௌரவ விளையாட்டுத்துறை அமைச்சர்’ என்று தாமே பொறித்துக்கொண்டார்கள். மாமாவின் போனை இரவல் வாங்கி வந்த ஒரு பின்வரிசை உறுப்பினர் மாத்திரம் போனின் பெயராலேயே திரையில் தோன்றினார். ஆள் இன்னாரென்று அறியாத சபாநாயகர், மரபை மீறவும் துணியாமல், “கௌரவ சாம்சங் உறுப்பினர் அவர்களே, மைக்கைத் திறந்து பேசுங்கள்” என்று பணித்தருளிய வாசகத்தை இவ்வாராய்ச்சியின் மூலாதாரமாகக் கொள்கிறேன்.

பாடபேதம் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். நமது பாராளுமன்றத்தின் ஹன்சாட்டில் உறுப்பினரின் பெயருக்கு முன்னால் ‘மாண்புமிகு’ என்று அச்சாகிறது. பேச்சிலும் அழைப்பிதழிலும் ‘கௌரவ’ என்பதே வழக்கு. பிள்ளைகள் பேச்சு வழக்கைப் பின்பற்றியது, எழுத்துப்பிழைக்கு அஞ்சியே என்று கருத இடமுண்டு.

இனி என் சித்தாந்தம். மாதிரி அரசாங்கத்தில் சகலமும் மாதிரியே: வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய கோடி ரூபாய்க்கு ஓர் இறாத்தல் பாண் வாங்க முடியாது, நிறைவேறிய சட்டத்தை மீறினவனைப் பிடிக்கப் பொலிஸ் இல்லை. ஆனால், மாதிரிக் ‘கௌரவ’ என்று ஒன்று இவ்வுலகில் கிடையாது. சொல்லும் வாய் மெய், கேட்கும் செவி மெய், கேட்ட மாத்திரத்தில் நிமிர்கின்ற முதுகெலும்பும் மெய். கொழும்பில் உச்சரித்தாலும் மஹய்யாவவில் உச்சரித்தாலும் அது அதே சரக்கு. ஆகவே மாதிரி அரசாங்கத்தில் போலியாகாது எஞ்சும் ஒரே வஸ்து அடைமொழி என்பது பெறப்படும்.

இதற்குக் கண்டியிலேயே பூர்வ சாட்சியங்கள் உள. கண்டி இராச்சியத்தில் மகா அதிகாரம் என்னும் தலைமை மந்திரி வீதியில் வரும்போது முன்னே ஆட்கள் சாட்டையைச் சுழற்றிச் சொடுக்கிச் செல்வார்கள். 1815 மார்ச் 2ஆம் திகதி வெள்ளையரோடு செய்த ஒப்பந்தத்தோடு இராச்சியம் முடிந்தது. சாட்டை முடியவில்லை, இன்றும் எசல பெரஹராவுக்கு முன்னே அதுதான் செல்கிறது. வெள்ளையர் ஆட்சியோ இதனினும் ஒரு படி மேலே போய், முதலியார், முகாந்திரம் முதலிய பட்டங்களை, அவற்றுக்குரிய உத்தியோகம் எதுவும் பார்க்காத கனவான்களுக்கும் வெறும் மரியாதையாக வழங்கிற்று. வேலையின்றிப் பெயர் மாத்திரம் தாங்கிய அந்தக் கனவான்களே நம் சூம் மந்திரிகளின் மூதாதையர் என்று கொள்வதில் தடையில்லை. அவர்களுக்கு அங்கியும் பதக்கமும் கிடைத்தன, இவர்களுக்கு டேட்டா முடிந்துபோகிறது என்பதே பேதம்.

பிறநாட்டார் இதில் நம்மைவிடத் தாராள மனத்தினர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ரொபர்ட் பென் மடிசன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன், 1979 டிசம்பர் 26ஆம் திகதி தன் படுக்கையறையை தலோசா என்னும் இராச்சியமாகப் பிரகடனம் செய்தான். 1990களின் நடுப்பகுதியில் அது இணையமேறியதும் முன்பின் அறியாதவர்களெல்லாம் பிரஜைகளாகச் சேர்ந்தார்கள். அவுஸ்திரேலிய நாவலாசிரியர் மக்ஸ் பரி 2002இல் தொடக்கிய நேஷன்ஸ்டேட்ஸ் இணைய விளையாட்டிலோ, தம் கற்பனை நாடு குடியரசா, பேரரசா என்பதை ஆள்பவரே தெரிவு செய்வதோடு, ஒரு மண்டலத்தின் அதிகாரிகளுக்குரிய பதவிப்பெயரையும் நியமிப்பவர் தம் இஷ்டப்படி எழுதிக்கொடுக்கலாம். இத்தனை சுதந்திரம் கிடைத்தும் ‘சாதாரண எழுதுவினைஞர்’ என்ற பதவியைக் கேட்டு வாங்குபவர் எத்தனை பேர் இருப்பார் என்பதை வாசகரின் ஊகத்துக்கு விடுகிறேன்.

மெய்யான அரசாங்கங்களோ இதற்கு எதிர்த்திசையில் நடக்கின்றன. 2022 ஜூலை 15ஆம் திகதி, பதில் ஜனாதிபதியாகப் பதவியேற்ற ரணில் விக்கிரமசிங்க, ஜனாதிபதியை ‘அதிமேதகு’ என்று விளிக்கும் வழக்கத்தை ஒழிப்பதாக அறிவித்தார். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னரே, 2012இல், பிரணாப் முகர்ஜி இந்திய ஜனாதிபதிக்கு அதே இனத்து அடைமொழியை உள்நாட்டில் வேண்டாமென்று விலக்கினார். அதிகாரம் உள்ளவர்கள் அடைமொழியைக் கழற்றி வைக்கலாம். கழற்றிய பிறகும் அவர்களிடம் ஜனாதிபதி மாளிகை இருக்கும். எங்கள் சுகாதார அமைச்சர் கழற்றினாரானால் என்ன மிஞ்சும்?

அந்த அமைச்சரின் தந்தையார், 1865இல் தோன்றிய கண்டி மாநகர சபையில் பெருக்கும் தொழில் பார்ப்பவர். சபை கட்டிய லைன் வீடுகளிலேயே பிறந்து வளர்ந்தவர். நகரத்தில் அவருடைய பெயருக்கு முன்னால் எவரும் எதையும் சேர்ப்பதில்லை. பல சமயம் பெயரையே சேர்ப்பதில்லை. மகனுடைய பெயர்ப்பட்டியை எழுத்துக்கூட்டி வாசித்தவர், “கௌரவன்னா பெரிய தொரை மாதிரிங்களா சார்?” என்று என்னைக் கேட்டார். அதற்கும் மேலே என்றேன். அன்று மாலை சபை கூடி முடியும்வரை தொலைக்காட்சிப் பெட்டியை யாரும் திறக்கக் கூடாதென்று அவர் வீட்டில் உத்தரவு போட்டதாக அறிகிறேன்.

எஞ்சி நிற்பது ஒரு சட்டப் பிரச்சினை. உறுப்பினரின் கடமைக்கு இடையூறு செய்வோரைத் தண்டிக்க 1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற (அதிகாரங்களும் சிறப்புரிமைகளும்) சட்டம் இருக்கிறது. அன்றைய அமர்வில், டெங்கு ஒழிப்பு பற்றிச் சுகாதார அமைச்சர் உரையாற்றிக்கொண்டிருக்கையில், “டேய், பைப்புல தண்ணி வந்துருச்சு, வாளிய எடுத்துட்டு ஓடு” என்று அவருடைய தாயாரின் குரல் சபை முழுவதும் கேட்டது. சிறப்புரிமை மீறப்பட்டதென எதிர்க்கட்சித் தலைவரே எழுந்து ஆட்சேபித்தார். தீர்ப்பு வழங்க வேண்டிய சபாநாயகரோ அடுத்த வீட்டுப் பிள்ளை. அவரும் அந்நேரம் அதே பைப்படியில் வாளியோடு நின்றதால், சபை திகதி குறிப்பிடப்படாமல் ஒத்திவைக்கப்பட்டது.