தொரை எதையோ தேடறானுங்கோ!

அந்தியூரிலிருந்து பவானி போகிற ரோட்டில் யாராவது நாலு குழி வெட்டி, நாலு கம்பி நட்டு, சுற்றிலும் பச்சை வலை கட்டிவிட்டால் போதும். பொழுது சாய்வதற்குள் அது ஒரு கல்யாண மண்டபம், ஒரு டோல்கேட், ஒரு செல்போன் டவர், இரண்டு பிரியாணிக் கடை எல்லாம் ஆகிவிடும். “கன்ஃபர்மாச் சொல்றனுங்க, மந்திரியோட மச்சான் எடம்” என்பார் ஒருவர். எந்த மந்திரி என்று கேட்காதீர்கள். அவருக்கு மச்சானை மட்டும்தான் தெரியும்.

இந்த ஆராய்ச்சித் துறைக்கு நம் பக்கத்தில் இருநூறு வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. முதல் பெரிய கேஸ் 1806-ல் வந்தது. அந்த வருஷம் கோயமுத்தூர் ஜில்லாவுக்குள் ஒரு வெள்ளைக்காரத் துரை பட்டாளத்தோடு வந்து இறங்கினார். கையில் இரும்புச் சங்கிலி, கூடவே அரை டன் எடையில் ஒரு பித்தளை யந்திரம். குன்றின் மேல் மேடை கட்டினார், கொடி நட்டார், கண்ணாடிக்குள் ஒற்றைக் கண்ணை விட்டு மணிக்கணக்காக அடுத்த குன்றைப் பார்த்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் அவரிடம் இருந்த நேர்மையான பதில் இதுதான்: பூமி எவ்வளவு உருண்டை என்று பார்க்கிறேன்.

நீங்களாக இருந்தால் நம்புவீர்களா?

கொஞ்சம் காலத்தையும் கவனியுங்கள். அதற்கு முந்தின வருஷம் ஆடி மாசம்தான், 1805 ஜூலை 31, சங்ககிரியில் தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்டிருந்தார்கள். கொங்குச் சீமை கம்பெனி கைக்குப் போயே ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. தூக்குக் கயிறு இன்னும் மக்கிப் போகவில்லை, அதற்குள் சங்கிலியோடு இன்னொரு துரை வருகிறார், உருண்டையை அளக்கிறேன் என்கிறார். இந்தப் பதிலை நம்பியவன் ஒருவன் இருந்திருந்தால் அவனை ஊரே சந்தேகப்பட்டிருக்கும்.

துரையின் பெயர் வில்லியம் லாம்ப்டன். பட்டாளத்துக்காரர் என்று பேர், சுபாவம் கணக்கு வாத்தியார். கல்யாணத்துக்குப் போனால் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, பந்தியில் எத்தனை இலை என்று எண்ணுகிற ரகம். கனடாப் பக்கம் வேலை பார்த்தபோது சூரிய கிரகணத்தை உற்றுப் பார்த்து ஒரு கண்ணைக் கெடுத்துக்கொண்டவர் என்பார்கள். மிச்சமிருந்த கண்ணை வைத்துத்தான் இந்தியாவையே அளந்தார்.

அவர் பேர் முதலில் அடிபட்டது 1799-ல், ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையில். நள்ளிரவில் ஜெனரல் பெயர்டு படையை நடத்திக்கொண்டு முகாமுக்குத் திரும்புகிறார். லாம்ப்டன் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஐயா, நாம் தெற்கே போகவேண்டும், வடக்கே போய்க்கொண்டிருக்கிறோம்” என்கிறார். வடக்கே இருந்தது திப்புவின் பாசறை. நட்சத்திரத்தைக் கேட்டுத்தான் எனக்கு வழி தெரியவேண்டுமா என்று ஜெனரல் சீறுகிறார். கொஞ்ச நேரத்தில் எதிரியின் காவல்காரர்கள் மேலேயே போய் மோதுகிறார்கள். அப்புறம் வெளிச்சம் கொண்டுவரச் சொல்லித் திசைகாட்டியைப் பார்த்தால், நட்சத்திரம் சொன்னதுதான் சரி. ஜிபிஎஸ் அம்மா “யூ டர்ன் எடுங்கள்” என்று கத்தக் கத்த நேராகவே வண்டியை விடும் அண்ணன்களுக்கு இந்த பெயர்டுதான் குலமுதல்வர்.

திப்பு போனபின், மெட்ராஸிலிருந்து மேற்குக் கடற்கரை வரை நாட்டைச் சரியாக அளந்துவிடலாம் என்று லாம்ப்டன் திட்டம் கொடுத்தார். மெட்ராஸ் சர்க்காரில் ஒரு பெரிய மனிதருக்கு இது துளியும் விளங்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் போகவேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதாதா, அவனே கொண்டுபோய் விடுவானே, இதற்கு எதற்கய்யா மேப் என்று கேட்டாராம். சர்க்கார் மேதாவிக்கே இவ்வளவுதான் புரிந்தது. இதில் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அந்தியூர்க்காரரை விவரம் கெட்டவர் என்று யாரும் சொல்லக்கூடாது.

கருவிகள் வந்த கதை அதைவிட வேடிக்கை. அந்தச் சங்கிலி, சீனச் சக்கரவர்த்திக்கு இங்கிலாந்து ராஜா சீதனமாக அனுப்பியது. 1793-ல் மக்கார்ட்னி பிரபு பீகிங் வரை தூக்கிக்கொண்டு போனார். சக்கரவர்த்தி, “இந்தச் சாமான் எல்லாம் நமக்கெதற்கு” என்கிற தோரணையில் ஒதுக்கிவிட்டார். கூடப் போன விஞ்ஞானி அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்க்க, அங்கிருந்து லாம்ப்டன் கைக்கு வந்தது. ஆக, நம் நாட்டை அளந்தது செகண்ட் ஹேண்ட் சாமான்.

பித்தளை யந்திரத்துக்குத் தியோடலைட் என்று பேர். லண்டனில் கேரி என்பவர் பட்டறையில் செய்தது. அது ஏறிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் நடுக்கடலில் மடக்கி மொரீஷியஸுக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். அங்கே பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். சுடாது, வெடிக்காது, தின்னவும் முடியாது. பிரெஞ்சு கவர்னர் மரியாதையாக மெட்ராஸுக்கே அனுப்பிவைத்தார். இன்றைக்கு கூரியர் கம்பெனிகூட இவ்வளவு பொறுப்பாகத் திருப்பி அனுப்பாது.

1802 ஏப்ரல் 10-ம் தேதி பரங்கிமலை அடிவாரத்தில் வேலை ஆரம்பம். சித்திரை வெயிலில். நூறடிச் சங்கிலி, இரண்டரை அடி நீளத்தில் நாற்பது கண்ணி. அதைத் தரையில் போட்டு இழுக்கிற வேலையெல்லாம் கிடையாது. முக்காலிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் மரத்தொட்டிகளை மட்டம் பார்த்து வைத்து, அதற்குள் சங்கிலியைப் படுக்கவைத்து, முறுக்கி விறைப்பாக்கி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து வெப்பம் குறித்துக்கொள்வார்கள். வெயில் ஏறினால் இரும்பு மயிரிழை நீளும், அந்த மயிரிழையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் தூக்கி அடுத்த நூறடிக்கு நகர்த்தவேண்டும். இப்படியே பெரும்பாக்கம் வரைக்கும் ஏழரை மைல், 57 நாள். நம்மைக் கேட்டிருந்தால் ஆரம்பத்திலேயே சொல்லியிருப்போம், ஏழரை என்றாலே இழுத்தடிக்கும் என்று.

அந்த ஒரு கோட்டை அளந்துவிட்டால் மற்றதெல்லாம் முக்கோணக் கணக்கு. கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்து கோணம் எடுத்தால், நடக்காமலே அந்தக் குன்றின் தூரம் கிடைத்துவிடும். அங்கிருந்து அடுத்த குன்று, அதற்கடுத்தது. மேற்குக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்து கூட்டிப் பார்த்தார் லாம்ப்டன். பழைய மேப்பில் 400 மைல் என்றிருந்த தீபகற்பத்தின் அகலம், 360 மைல்தான் வந்தது. நாற்பது மைல் காணவில்லை! ஒரு மாவட்டத்தையே முழுங்கிவிட்டுச் சாதுவாக நின்ற முதல் சர்வேயர் இவர்தான். பின்னால் வந்தவர்கள் புறம்போக்கோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இனி நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். குறுக்கே அளந்தது போதாதென்று தெற்கு வடக்காகவும் ஒரு கோடு போட்டார் லாம்ப்டன். உலகப் புகழ்பெற்ற ‘கிரேட் ஆர்க்’ அதுதான். அந்தக் கோட்டில் பெங்களூரு தொட்டகுண்டா ஒரு நிலையம், கொங்கு நாட்டுப் பச்சாபாளையம் இன்னொரு நிலையம். பெங்களூரு இருப்பது ஏறக்குறைய 77 டிகிரி 35 நிமிடத் தீர்க்கரேகையில். அந்தியூர் எங்கே இருக்கிறது தெரியுமா? அதே 77 டிகிரி 35 நிமிடத்தில். பூமியின் வளைவைக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரன் இழுத்த கோடு, பர்கூர் மலையைத் தாண்டி நம் வெற்றிலைச் சந்தைக்கு மேலே போகிறது. ஊரில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்கூட இதற்கு வைக்கவில்லை என்பது ஆச்சரியம். காதுகுத்துக்கு எட்டு வைக்கிறார்கள்.

அன்றைக்குச் சந்தையில் என்ன பேசியிருப்பார்கள்? எழுதிவைக்க ஆளில்லை. ஆனால் நம் சனத்தை நமக்குத் தெரியாதா?

“ஏனுங் மாமா, அந்தத் தொரை மலை மேல என்னத்தப் பண்றானாமா?”

“பொதையல் தேடறானாமா, மாப்ள. திப்பு பொதைச்சு வெச்ச தங்கம். அந்தக் கண்ணாடியில பாத்தா பூமிக்குள்ளாற இருக்கறது தெரியுமாமா.”

“சங்கிலி எதுக்குங்க?”

“பொதையலக் கட்டி இழுக்கத்தான்.”

தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறதா, சொல்லுங்கள். இல்லவே இல்லை.

புதையலாவது போகட்டும். அந்தக் கண்ணாடி கிளப்பிய மானப் பிரச்சினை பெரிது. தியோடலைட்டின் தொலைநோக்கியில் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதன் லென்ஸ் அமைப்பு அப்படி. துரை குன்றின் உச்சியில் நிற்கிறார், கீழே வீட்டு முற்றங்கள், முற்றத்தில் பெண்கள். பெண்களைப் பார்ப்பதே தப்பு, இதில் தலைகீழாக வேறு பார்க்கிறான் என்றால்? பின்னாளில் வடக்கே போகப் போக, கோஷா பெண்கள் இருந்த ஊர்களில் இது பெரிய தகராறாகவே ஆனது. டிரோன் பறந்தால் இன்றைக்கு மொட்டைமாடியில் நடக்கிற சண்டைக்கும் இதற்கும் இரண்டு நூற்றாண்டுதான் வித்தியாசம். பாவம் லாம்ப்டன், அவர் பார்த்துக்கொண்டிருந்தது முப்பது மைலுக்கு அப்பாலிருந்த ஒரு கொடிக்கம்பை.

புதையலையும் தலைகீழ்ப் பெண்களையும் தள்ளிவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவர் நிச்சயம் இருந்திருப்பார். வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டு, “எல்லாம் வரி போடறதுக்குத்தாண்டா” என்று சொல்லியிருப்பார். அவர் வாயில்தான் சர்க்கரை போடவேண்டும். அதே வருஷங்களில் கம்பெனியின் கலெக்டர்கள் வயல் வயலாக அளந்து தீர்வை கட்டிக்கொண்டிருந்தார்கள். லாம்ப்டன் சங்கிலிக்குக் கணக்குதான் குறி, கலெக்டர் சங்கிலிக்குக் கஜானா. இரண்டையும் நடத்திய முதலாளி ஒருவரே. படை போகவும் வரி வரவும் உதவாத மேப்புக்கு எந்தக் கம்பெனி பணம் கொடுக்கும்? விஞ்ஞானம் என்று உண்மையாகவே நம்பியது லாம்ப்டன் மட்டும்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கொங்கில் குன்றுக்குப் பஞ்சமில்லை. எதிலாவது முருகன் இருப்பார், பக்கத்தில் கொடியை நட்டுக்கொள்ளலாம். தஞ்சாவூர்ப் பக்கம் போனபோதுதான் துரைக்கு வினை பிடித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் நெல், நடுவில் தென்னை, மேடு என்றால் வரப்புதான். உயரமாக இருந்த ஒரே இடம் பெரிய கோயில். 1808-ல் அரை டன் யந்திரத்தைக் கயிறு கட்டிக் கோபுரத்தின் மேல் ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்தது. யந்திரம் ராஜராஜன் கட்டிய கல்லில் மோதி, வட்டமாக இருந்த அதன் பித்தளைச் சக்கரம் கோணிப்போனது.

கோயில் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதீர்கள்.

வேறு யாராவது என்றால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு மூன்று வருஷம் காலாட்டிக்கொண்டிருப்பார்கள். லாம்ப்டன் யந்திரத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆறு வாரம். ஆப்பு வைத்து, திருகு முடுக்கி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, சக்கரத்தை மறுபடி வட்டமாக்கிவிட்டுத்தான் வெளியே வந்தார். டிங்கரிங் வேலை தெரிந்த ஒரே வானவியல் நிபுணர். இந்த இடத்தில் கிண்டலை நிறுத்திவிட்டு அவருக்கு ஒரு கும்பிடு போடத்தான் தோன்றுகிறது.

அவருக்குப் பின் வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். முன்கோபி. தன் பெயரையே ஈவ்ரெஸ்ட் என்று சொல்லவேண்டும் என்று அடம்பிடித்தவர். கங்கைச் சமவெளியிலும் குன்று கிடையாது என்பதால் இவர் கோபுரம் கட்ட ஆரம்பித்தார். கல்கத்தாவில் பாரக்பூர் நெடுஞ்சாலை ஓரமாகவே அடிப்படைக் கோடு ஒன்றை அளந்து, முனைக்கு ஒரு கோபுரம் எழுப்பினார்கள், 1831-ல், சுமார் 75 அடி உயரம். வாசல் பெரிசில்லை, சாமி இல்லை, மணி இல்லை, ஆள் குடியிருக்கவும் முடியாது. மெயின் ரோட்டில் போகிற வருகிறவன் எல்லாம் அண்ணாந்து பார்த்து என்னவென்று கேட்டிருப்பான். இன்றைக்கும் அந்த ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கிரேட் ஆர்க் கோடு குமரி முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை சுமார் 2,400 கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தது. எவரெஸ்ட் 1843-ல் ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போனார். உலகத்திலேயே உயரமான சிகரத்துக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று 1856-ல் முன்மொழிந்தார்கள். அவர் அந்தச் சிகரத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. “என் பெயர் இந்த நாட்டு ஜனங்கள் வாயில் நுழையாது, எழுதவும் வராது, வேண்டாம்” என்று ஆட்சேபித்தும் பார்த்தார். கேட்கவில்லை. உயரத்தைக் கணக்குப் போட்ட ராதாநாத் சிக்தாரின் பெயரைச் சிகரத்துக்கு வைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது வாயில் சுலபமாக நுழையும்.

லாம்ப்டன்? இருபது வருஷம் சங்கிலி இழுத்த மனுஷன், வேலை பாதியில் இருக்கும்போதே, 1823 ஜனவரியில், நாக்பூருக்குத் தெற்கே ஹிங்கன்காட் என்ற ஊரில் கண்ணை மூடினார். கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. நம் சேலம், கிருஷ்ணகிரி வழியாகப் போகிற 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை நேரே அந்த ஊர் வழியாகத்தான் நாக்பூருக்குப் போகிறது. சங்ககிரி லாரிக்காரர்கள் வாரம் தவறாமல் அவரைத் தாண்டிப் போய் வருகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த டிரைவர் யாராவது இருந்தால், அடுத்த லோடுக்கு அங்கே நிறுத்தி டீ குடிக்கும்போது விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.