நண்டும் கல்கண்டும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணித் தெருவெல்லாம் குழாய் ஸ்பீக்கர் அலறுகிறது. உள்ளே ஒருவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தன் குட்டிக் கம்ப்யூட்டருக்குத் தனி சவுண்ட் கார்டு வேண்டுமா என்று விசாரப்படுகிறார். அதன் மினி ஐடிஎக்ஸ் போர்டில் இருப்பதே ஒரு ஸ்லாட். அதில் கிராபிக்ஸ் கார்டு சம்மணம் போட்டாயிற்று.

1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் வந்த காலத்தில், கார்டு இல்லாத சாதாரண பிசிக்குத் தெரிந்தது பெரும்பாலும் 'பீப்' மட்டும். இன்டெல் 2004-ல் எச்டி ஆடியோ தரத்தை வகுத்தபின், போர்டிலேயே ஒட்டியிருக்கும் ரியல்டெக் சிப் (நண்டு முத்திரை போட்டிருக்குமே, அதுதான்) சிடியின் 16 பிட்டைத் தாண்டி 24 பிட் கொடுக்கிறது. தனி கார்டு எதற்கு?

இதே திருத்தணியில்தான் முத்துசுவாமி தீட்சிதர் வாயில் முருகன் கல்கண்டு போட, அவருடைய முதல் கிருதி பிறந்தது என்பார்கள். அதை யூடியூப்பில், நசுக்கிச் சுருக்கிய வடிவில் கேட்கத்தான் நம்மவருக்குக் கார்டு!

கொர்ரென்று இரைச்சலா? முதலில் பிளக்கில் எர்த் இருக்கிறதா பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் யூஎஸ்பி டாக் (வெளியே செருகும் சவுண்ட் கார்டு என்று வையுங்கள்) ஒன்று செருகுங்கள். அது ஸ்லாட் கேட்காது. மிச்சக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள்.