பழுதும் முன்னேற்றமும்

1989-இல் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் 2.6 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினுக்கு அறிவிக்கப்பட்ட திறன் 280 குதிரைத்திறன். ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்ட உச்ச வரம்பும் அதுவே. இந்தத் தன்னடக்கத்தைக் களைவது உரிமையாளரின் முதல் கடமை.

பழுதுபார்க்கும் முறை எளிது. இழுவை குறைந்தால், டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் குழாயிலுள்ள சிறு தடுப்பானைக் கழற்ற வேண்டும், அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தத்தில் பீங்கான் டர்பைன் சக்கரம் நொறுங்கினால், அது நல்ல சகுனம்: உலோகச் சக்கரம் வைத்த பெரிய டர்போவுக்கு நியாயம் கிடைத்துவிட்டது. அதற்குப் பெட்ரோல் போதாது; பெரிய பம்பும் இன்ஜெக்டர்களும் வேண்டும். பிறகு கிளட்ச் வழுக்கும். அதை மாற்றினால் கியர்பாக்ஸ் தன் முறைக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு பழுதும் அடுத்த முன்னேற்றத்துக்கு வழிவிடுகிறது.

திறன் இரட்டிப்பானதும், பெரும்பாலும் மணிக்கு 100 கி.மீ. வரம்புள்ள ஜப்பானிய விரைவுச்சாலையில் காரை ஓட்டி மகிழலாம். இழுவை அப்போதும் குறைவாகவே இருக்கும். கடைசியில் காற்றுக்குழாயைத் தடவிப் பார்த்தால், இன்டர்கூலர் அருகே ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கும். ஸ்குரூடிரைவரால் இரண்டு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும். இதை முதலிலேயே செய்த அவசரக்காரர்களுக்கு வாய்த்தது, வெறுமனே நன்றாக ஓடுகிற கார்.