முந்நூறு வருடத்துக் கட்டுமானம்

'வீட்டைக் கட்டிப் பார்' என்று சொன்னவர், ஒரே ஆயுளில் கட்டி முடிக்கிறவர்களை மனசில் வைத்துத்தான் சொல்லியிருப்பார். இத்தாலியின் போரோமியோ குடும்பத்தை அவர் கேள்விப்பட்டதில்லை. மஜோரே ஏரி நடுவே, மீனவர்கள் குடியிருந்த பாறைத் தீவொன்றில் 1632-இல் மூன்றாம் கார்லோ போரோமியோ மாளிகை கட்டத் தொடங்கினார். மனைவி இசபெல்லாவின் பெயரில் தீவுக்கு இசோலா பெல்லா என்று பெயர். மாளிகையின் பெரிய கூடம் முடிந்ததோ 1950-களின் கடைசியில்! மாடி எடுப்பதற்கென்று விட்டுவைத்த கம்பிகள் துருப்பிடித்து நிற்கும் வீட்டுக்காரரான எங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அன்றிலிருந்து பெரியம்மாவின் பேச்சு வீட்டில் எடுபடுவதில்லை.

கூடம் முடியவில்லையே என்று அந்தக் குடும்பம் விருந்தாளிகளைத் தடுக்கவில்லை. 1797-இல் நெப்போலியன் மனைவி ஜோசபினுடன் வந்து தங்கினார். அவர் படுத்த அறையை இன்றும் காட்டுகிறார்கள். 1935 ஏப்ரலில் முசோலினியும் பிரிட்டன், பிரான்ஸ் பிரதமர்களும் இங்கே உட்கார்ந்து, ஹிட்லருக்கு எதிராக ஒன்றாக நிற்போம் என்று முடிவெடுத்தார்கள். ஜூனில் பிரிட்டன் ஹிட்லருடன் தனியாகக் கடற்படை ஒப்பந்தம் போட்டது; அக்டோபரில் முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்தார். சம்பந்தம் பேசிவிட்டுப் படி இறங்கியதும் மாறுகிறவர்கள் நம் பக்கம் மட்டும் இல்லை. வீட்டுக்காரர்கள் பாவம், என்ன செய்வார்கள்? இடம் மட்டும்தானே அவர்களுடையது.

நான் அத்தையோடு போனேன். ஏரிக்கரை வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கீழ்த்தளத்து அறைகளில் சுவர், விதானம் எல்லாம் கூழாங்கல் பதித்திருக்கிறார்கள். ஊர் உலகமே வாய் பிளக்கும் வேலை. அத்தை சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒட்டடை யார்டா அடிப்பா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

வெளியே பத்து அடுக்குத் தோட்டம். பாறையில் மண் ஏது? படகில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். உச்சியில் ஒற்றைக்கொம்புக் குதிரைச் சிலை, அது குடும்பச் சின்னம். புல்தரையில் வெள்ளை மயில்கள் உலாவின. "இதுக்கும் நரைச்சுப் போச்சா?" என்று அத்தை வருத்தப்பட்டார்.

வீடு இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான். நெப்போலியனுக்குக் கிடைத்த படுக்கை நமக்குக் கிடைக்காது. டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கலாம். ஏரிக்கரை ஊரான ஸ்ட்ரேசாவில் படகு ஏறினால் சில நிமிடம்தான். குளிர்காலத்தில் மாளிகையை அடைத்துவிடுவார்கள். ஏப்ரலுக்கு மேல் போங்கள்.