ரூலுக்குப் புறனடை: ஒரகடம் சாலை டிக்கெட் நெறி குறித்த ஓர் ஆய்வு

ரூல் எனப்படுவது தூண்டல், நிபந்தனை, செயல் என்னும் மூன்று உறுப்புகளை உடையது. ஒரு டிக்கெட், அதாவது மென்பொருளில் பதிந்த வேலைச் சீட்டு, ‘முடிந்தது’ என்ற கட்டத்துக்கு நகர்ந்தால், அது பெயின்ட் ஷாப் டிக்கெட்டாகவும் இருந்தால், குவாலிட்டிக்கு மெயில் போக வேண்டும். ஜிரா, ட்ரெல்லோ முதலிய மென்பொருள்களில் இதை அமைக்கப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பெட்டி பெட்டியாகத் தேர்ந்து அடுக்கினால் போதும். இந்த எளிமையே பின்வரும் துன்பங்களுக்கெல்லாம் முதற்காரணம் என்பது இவ்வாய்வின் துணிபு.

இக்கலை ஆஸ்திரேலியாவில் தோன்றியது என்பார் உளர். ட்ரெல்லோவுக்கு ரூல் வசதி செய்துவந்த பட்லரை 2018இலும், ஜிராவுக்குச் செய்துவந்த கோட் பேரலை 2019இலும் சிட்னியைச் சேர்ந்த அட்லாசியன் வாங்கியது உண்மையே. ஆனால் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் இந்த வேலையைச் செய்துவிட்டார். நிலைமொழியின் ஈறு இன்னது, வருமொழியின் முதல் இன்னது, ஆகவே தோன்றல், திரிதல், கெடுதல் ஆகியவற்றுள் உரியது நிகழ்க. சேர், மாற்று, நீக்கு. மெயில் அனுப்புவதை விட்டுவிட்டால் எந்த மென்பொருளின் செயல் பட்டியலிலும் சாரமாக இதற்குமேல் ஒன்றும் கிடையாது. ஆனால் இலக்கணக்காரர் கடைசியில் புறனடை என்று ஒரு சூத்திரம் வைப்பார். நான் சொல்லாமல் விட்டதையும் இடமறிந்து கொள்க என்று கற்பவரின் அறிவிடம் ஒப்படைத்துவிடுவார். ரூல் எழுதும் திரையில் அதற்குப் பெட்டி இல்லை.

இனிக் களம். ஜிஎஸ்டி சாலையிலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலில் பிரியும் சாலை, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறது. ரெனோ-நிசான் 2010இலும், பாரத்பென்ஸ் லாரி செய்யும் டெய்ம்லர் 2012இலும் ஒரகடத்தில் ஆலை திறந்தன. இத்தகைய ஆலைகளுக்கு உதிரிபாகம் தருபவர்கள், அவர்களுக்கு உதிரிபாகம் தருபவர்கள் என்று அடுக்கடுக்காக வந்து சேர்ந்தார்கள். அத்தனை பேரிடமும் டிக்கெட் உண்டு. களத்துக்கு இது ஒன்றே போதும் என்றாலும், சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊர்ப்பெயருக்கு உரியவரை விட்டுவிட்டு மேலே போவது முறையன்று.

பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக்குள் வீற்றிருக்கிறார். கருவறை குன்றிலேயே குடைந்தது என்பதால் அவரை வலம்வர நினைப்பவர் குன்றையே சுற்றியாக வேண்டும். அர்ச்சகர் நாமத்தை விலக்கி ஆரத்தியில் நெற்றிக்கண்ணைக் காட்டுவார். இவர் கதையைக் கேட்டவர் பலர். இரணியன் வாங்கிய வரத்தை ரூலாகப் படித்தவர் சிலரே. மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளும் புறமும் கூடாது, தரையிலும் வானிலும் கூடாது, ஆயுதமும் கூடாது. எல்லாம் ‘மற்றும்’ போட்டு இணைத்த நிபந்தனைகள். வெகுகாலம் பழுதில்லாமல் ஓடியது. பிறகு அந்தியில், வாசற்படியில், மடியில் கிடத்தி, நகத்தால் முடித்துவிட்டார், பாதி சிங்கமாக வந்தவர். இரணியன் எழுதிய ரூலில் பிழை இல்லை. தான் பார்த்திருந்த உலகத்துக்குச் சரியாகத்தான் எழுதினான். நம் ஷிப்ட் இன்ஜினியர்களும் அப்படியே எழுதுகிறார்கள்.

இவ்வட்டாரத்துக்கு மட்டுமன்றி உலகுக்கே பொதுவான ரூல் ஒன்றைச் சான்றுக்கு எடுப்போம். பழைய முறையில் கட்டினால் இப்படி வரும்:

மூன்றுநாள் அசையா டிக்கெட் தோறும்
‘என்ன ஆயிற்று’ எனஇடித் துரைத்தலும்
ஏழுநாள் ஆயின் மேலோர்க் குணர்த்தலும்
ரூலின் இயல்பென மொழிப.

உரை: அசைதலாவது டிக்கெட்டில் ஒன்றை எழுதுதல் அல்லது மாற்றுதல். மூன்று நாள் ஒருவரும் தொடாவிட்டால் ரூல் தானே ‘என்ன ஆயிற்று?’ என்று கமென்ட் போடும். ஏழு நாள் தொடாவிட்டால் மேனேஜருக்குப் போகும். இங்கே ஓர் ஐயம் எழும். ரூல் தானே போட்ட கமென்ட் அசைவாகுமா, ஆகாதா? மனிதர் ஆகாது என்பர். மென்பொருள் ஆகும் என்கிறது. கமென்ட் விழுந்த கணத்தில் ‘கடைசியாக மாறிய நேரம்’ புதிதாகிவிடும். நாள்கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். மூன்றாம் நாள் மீண்டும் கேட்கும், மீண்டும் கணக்கு அழியும். ஏழாம் நாள் அந்த டிக்கெட்டுக்கு விடியவே விடியாது. ‘ஸ்பின்டில் பேரிங்கில் சத்தம்’ என்று என்றோ திறந்த டிக்கெட், ரூல் தன்னைத் தானே நலம் விசாரித்த கமென்ட்டுகளைச் சுமந்துகொண்டு, மேனேஜரின் டாஷ்போர்டில் ‘அண்மையில் கவனிக்கப்பட்டவை’ வரிசையில் மேலே நிற்கும். அவரும் பையன்கள் பம்பரமாய் வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். ஸ்டேட்டஸ் மாறிய தேதியைக் கொண்டு எண்ணச் சொன்னால் இது தீரும். அதை யாரும் சொல்வதில்லை, ஏனெனில் டாஷ்போர்டு பச்சையாக இருக்கிறது.

இரண்டு தானியங்கிகள் ஒன்றையொன்று எழுப்பும் நோயும் புதிதன்று. லீவில் இருப்பவரின் தானியங்கிப் பதிலுக்கு, லீவில் இருக்கும் இன்னொருவரின் தானியங்கி பதில் போட்டால் முடிவே இல்லை என்று மின்னஞ்சல் உலகம் எப்போதோ கண்டுகொண்டது. எரிக் ஆல்மன் யூனிக்ஸுக்கு எழுதிய ‘வெகேஷன்’ புரோகிராம், ஒருவருக்குப் பதில் போனால் ஒரு வாரத்துக்கு அவருக்கு மறுபடி போடாது. 2004இல் இதற்கென்றே ஆர்எஃப்சி 3834 என்று ஒரு நெறிநூலும் வந்தது. ஜிராவும் ஒரு ரூல் செய்த மாற்றம் இன்னொரு ரூலை எழுப்பாதபடிதான் தொடக்கத்தில் வைத்திருக்கிறது. எழுப்ப வேண்டுமானால் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் “போடாட்டி வேலை செய்ய மாட்டேங்குது சார்” என்பதே விடை.

இதில் ஒரு முரண் உண்டு. இச்சாலையின் ஆலைகளில் பின்பற்றப்படும் உற்பத்தி முறைகளில் பெரும்பகுதி டொயோட்டாவிடம் கற்றது. திரையில் கார்டு நகரும் கான்பன் போர்டும் அங்கிருந்து வந்ததே. அந்தக் குடும்பத்தின் முன்னோரான சாகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறியின் பெருமை, நூல் அறுந்தால் தானே நின்றுவிடுவது. ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கும் இது விளங்கும். சிக்னலோடு பிணைத்த கேட்டாக இருந்தால், அதை மூடிப் பூட்டாமல் சிக்னல் விழாது. பழைய தானியங்கிகளுக்கு நிற்கத் தெரியும். மெயில் அனுப்பும் ரூலுக்கு எந்த நூல் அறுந்தாலும் தெரியாது.

ஆயுத பூஜையன்று இதைக் கண்கூடாகக் காணலாம். லேத்துக்குச் சந்தனம், பிரஸ்ஸுக்குக் குங்குமம், ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வாழைக்கன்று, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஆபீஸில் லேப்டாப்புக்கும் பொட்டு வைத்துப் பொரி படைக்கிறார்கள். ரூல் ஓடும் சர்வர் எங்கோ மேகத்தில் இருப்பதால் அதற்குப் பொட்டு வைக்க வழியில்லை. அது காலை ஒன்பதுக்கு ‘தவணை கடந்தது’ என்று எல்லோருக்கும் மெயில் போடும். திங்கள் முதல் வெள்ளி வரை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நவமி என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

எஞ்சியது உரிமை பற்றிய சிக்கல். ரூல் எழுதியவர் கூடுதல் சம்பளத்துக்கு அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார், ரூல் போகாது. சில நூல்களுக்கு ஆசிரியர் பெயர் தெரியாமல் உரைகள் மட்டும் மிஞ்சுவதுண்டு. இங்கே உரையும் இல்லை. ‘காப்பி ஆஃப் காப்பி ஆஃப் டெஸ்ட் 2’ என்று பெயர் வைத்த ரூல் ஒன்று, எதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறதோ என்ற அச்சத்தால் அணைக்கப்படாமலே ஓடும். தணிக்கைப் பதிவில் ஒவ்வொரு வாரமும் ‘வெற்றி’ என்று பச்சையில் விழும். மெயில் போய்ச் சேரும் முகவரி, போனவருடையது.