நாமளே இறக்கிடலாம்!

படாளம் கூட்டுரோடு டீக்கடையில் ஒருவர் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "கிளட்ச் மாத்தணும்பா. கடைக்குக் குடுக்கிறதா, நாமளே இறக்கிடறதான்னு யோசிக்கிறேன்" என்று சொன்னால், ஏதோ இன்று காலையில் உதித்த யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். போன வேடந்தாங்கல் சீசனிலேயே ஆரம்பித்தது. பறவைகள் வந்து, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுகளைப் பறக்கவும் பழக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டன. நம்மவர் இன்னும் யோசிக்கிறார்.

இந்த மண்ணில் இப்படி ஒருவர் விளைவதில் ஆச்சரியம் இல்லை. உள்ளூரில் சர்க்கரை ஆலை. வடக்கே போனால் ஒரகடத்தில் ரெனோ, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், மறைமலை நகரில் ஒரு காலத்தில் ஃபோர்டு. நம்மவர் ஃபோர்டில் இருந்தவர். இடதுபக்கப் பின்கதவுக்கு ரப்பர் பீடிங் வைத்துக்கொண்டிருந்தார். 2021இல் கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகு, அவருடைய அனுபவம் பின்கதவிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து என்ஜினுக்குள் போய்விட்டது. இப்போது கேட்டால், "நம்ம கையால எத்தனை வண்டி போயிருக்கு!" என்பார். அதுவும் பொய்யில்லை.

வண்டி பழைய மாருதி 800. கிளட்ச் ஏன் தேய்ந்தது என்று கேட்டால் கரும்பு டிராக்டரைக் கைகாட்டுவார். அரவைக் காலத்தில் ஆலைக்குப் போகும் டிராக்டருக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தது, தீபாவளிக்கு முந்தைய நாள் பரனூர் டோல்கேட்டில் பாதி கிளட்சில் நின்றது என்று சாட்சிகளை அடுக்குவார். வண்டி ஓடுகிற நேரம் முழுக்கத் தன் இடதுகால் கிளட்ச் பெடல் மேலேயே சாய்ந்து இளைப்பாறுவதை மட்டும் சொல்ல மாட்டார்.

பிளேட் போய்விட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கைபிரேக்கை இறுக்கி இழுத்து, டாப் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட வேண்டும். என்ஜின் உடனே அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒருமுறை பார்த்தால் போதும். நம்மவரோ நலம் விசாரிக்க வந்தவர், பால் கணக்கு முடிக்க வந்தவர், பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர் என எல்லோருக்கும் செய்து காட்டுவார். உறுமல் ஏறும், கருகிய வாடை வரும். "பாத்தியா, நான் சொல்லல?" என்பார். ஒவ்வொரு விளக்கத்துக்கும் பிளேட்டில் கொஞ்சம் குறையும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு இருக்கிறது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் சேர்ந்த செட்டு ரூ.3,000, கூலி ரூ.2,000. நாமே இறக்கினால் இரண்டாயிரம் மிச்சம். அதற்குக் கீழே ஜாக்கி, வண்டியைத் தாங்க ஸ்டாண்டு, சாக்கெட் செட்டு என்று மிச்சத்தைத் தாண்டி வளர்கிறது இன்னொரு பட்டியல். கியர் ஆயிலை முதலில் வடிக்காவிட்டால் டிரைவ் ஷாஃப்ட்டை உருவும்போது படுத்திருப்பவர் முகத்தில் கொட்டும். அதைப் பிடிக்க ஒரு பேசின். பேசினுக்கு விலை போடவில்லை, வீட்டிலேயே இருக்கிறதாம்.

"ஏங்க, அது இட்லி மாவு கரைக்கிற பேசினுங்க" என்றார் வீட்டம்மா.

"கழுவிக்கலாம்."

"நீங்க கழுவுவீங்களா?"

அந்த மாதம் முடிவு தள்ளிப்போனது.

கிளட்சை மாற்றுவது சின்ன வேலைதான். சில போல்ட்டுகளைக் கழற்றி, பழசை எடுத்து, புதுசை நடுப்பார்த்து வைக்க வேண்டும். கூலியெல்லாம் அதுவரை போய்ச்சேருகிற வழிக்குத்தான். கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். ஏற்றும்போது ஒருவர் கீழே படுத்துத் தாங்க, இன்னொருவர் ஷாஃப்ட்டின் பற்களைப் பிளேட்டின் துளைக்கு நேர்செய்ய வேண்டும். ஆகவே நம்மவர் தானே செய்யப்போகும் வேலைக்கு மச்சான் வேண்டும், எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் வேண்டும், டார்ச் பிடிக்க ஒரு சிறுவன் வேண்டும். மச்சானுக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட். ஷிஃப்ட் இல்லாத ஞாயிறு முகூர்த்தம். முகூர்த்தம் இல்லாத ஞாயிறு மழை.

நடுவில் ஒருநாள் கேபிள் நட்டைத் திருகிச் சரிசெய்தார். உண்மையிலேயே கொஞ்ச நாள் பிடித்தது. ஊரே அந்தச் சாதனையைக் கேட்டது. பிறகு ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது என்ஜின் மட்டும் மேலே போக ஆசைப்பட்டது, வண்டி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கயிறு கட்டி மெக்கானிக் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

மெக்கானிக் தம்பி கியர் பாக்ஸை இறக்கிவிட்டுக் கூப்பிட்டான். "அண்ணா, இங்க பாருங்க." பிளேட்டில் லைனிங்கே இல்லை. ரிவெட் தலைகள் உரசி உரசி ஃப்ளைவீலில் வட்டவட்டமாகக் கோடு விழுந்திருந்தது. "இத லேத்துல குடுத்து ஃபேசிங் பண்ணணும். ஆரம்பத்துலயே வந்திருந்தா செட்டோட போயிருக்கும்." நம்மவர் தலையாட்டினார். ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்து, எந்த போல்ட் எங்கே என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் டீக்கடையில், "நேத்து கிளட்ச் மாத்திட்டோம்" என்றார்.

இப்போது கிளட்ச் கோளாறென்று யார் வந்தாலும் முதலில் அவரிடம்தான் கேட்கிறார்கள். "கடைக்குக் குடுத்துடாத, நாமளே இறக்கிடலாம். மொதல்ல கைபிரேக்க இழு" என்கிறார். மெக்கானிக் தம்பி அவரை எங்கே கண்டாலும் டீ வாங்கிக்கொடுக்காமல் விடுவதில்லை. தொழில் தெரிந்தவனுக்குத்தான் தன் அருமை தெரியும் என்று நம்மவருக்குப் பெருமை. அவரிடம் யோசனை கேட்ட வண்டிகளெல்லாம் ஃபேசிங் வேலையோடு வந்து சேருகிற கணக்கு தம்பியின் நோட்டில் இருக்கிறது.